மிச்சத் துணியில் விளைந்த சங்கம்

நெசவாளர் சங்கம் எதுவாயினும் அதன் பண்டகசாலை மூலையில் ஒரு மூட்டை கிடக்கும். தணிக்கையின் பொருட்டு ஒரு சங்கத்துக்குச் சென்றால், இருப்பைச் சரிபார்த்து முடிந்ததும் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பாவு முடியும் தறுவாயில் அளவுக்குப் போதாமல் நின்ற துண்டுகள், மாதிரிக்கென்று கத்தரித்தவை, கறைபட்டதால் ஒதுக்கப்பட்ட லுங்கியின் பாதி, தையற் பிரிவு உள்ள சங்கமாயின் வெட்டியபின் எஞ்சிய கோணல் துணிகள் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இருப்புப் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் 'கழிவு' என்று ஒரே பெயர். எடைக்குப் போட்டு வரும் தொகை, பல்வகை வரவில் ஒரு வரியாக நின்றுவிடும்.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தில் இந்த ஒரு வரியைச் சுட்டி, "இதைக் கொண்டு வேறு ஏதும் செய்ய இயலாதா?" என்று வினவினோம். "கந்தலுக்கும் கணக்குக் கேட்கிறீர்களே, ஐயா!" என்று காரியதரிசி நகைத்தார். அவர் நகைத்ததில் தவறில்லை. ஆயினும் கந்தலையே முதலாக வைத்து ஒரு சங்கம் கண்டு, அதன் வருவாயில் நிலம் வாங்கிக் கட்டடமும் எழுப்பிய மாதர்களின் வரலாறு ஒன்று உண்டு. அதனை அங்கத்தினர் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். பயிரிடுவோர்க்கும் துணியோடு பழகுவோர்க்கும் அதில் ஒருங்கே பங்குண்டு.

அவ்வரலாறு நிகழ்ந்த இடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்புறத்து அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் மாவட்டம். அங்கே அலபாமா ஆறு வளைந்தோடி மூன்று புறமும் சூழ்ந்துகொண்ட நிலப்பகுதி 'ஜீஸ் பெண்ட்' என வழங்கும். ஜீ என்னும் பண்ணையார் 1816-ல் அங்குக் குடியேறியமையால் 'ஜீயின் வளைவு' எனப் பெயர் பெற்றது. 1845-ல் அப்பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் தம் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே நடத்திக்கொண்டு வந்து சேர்த்தார். அடிமைத்தளை அறுந்த பின்னரும் அம்மக்களின் மரபினர் வேறு போக்கிடமின்றி, அதே மண்ணில் வாரக் குடிகளாகப் பருத்தி விளைவித்து வந்தனர். இன்றும் அவ்வூரில் பெட்வே என்னும் குடும்பப் பெயருடையோர் மிகுதி.

வாரக் குடியின் வாழ்வு எத்தகையது? விதை, உரம், உணவு யாவும் பட்டணத்து வணிகரிடம் கடன். அறுவடையில் பருத்தியாகவே திருப்ப வேண்டும். கணக்குப் புத்தகமோ கடன் கொடுத்தவர் வீட்டில் இருக்கும். 1919-ஆம் ஆண்டில் ராத்தல் 35 சென்ட் அளவில் விற்ற அமெரிக்கப் பருத்தி, 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. விலை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தபோது கடன் மட்டும் குறையவில்லை. 1932-ல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தார். அவர் குடும்பத்தார் உடனே முழுத் தொகையும் கேட்டனர். ஏறத்தாழ 60 குடும்பங்களின் கோவேறு கழுதைகள், மாடுகள், பன்றிகள், கோழிகள், வண்டி, கலப்பை, சேமித்து வைத்த சோளம் ஆகியவற்றை ஆட்கள் வந்து வாரிக்கொண்டு போயினர். அக்குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவைக் கொண்டு அவ்வூரார் கடத்தினர். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், விளைச்சலை முன்னரே அடகு வைக்கும் இத்தகைய கடன் கொடுமையை முன்னிட்டே. ஆதலின் நம் பயிர்த்தொழில் அன்பர்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

அங்கே குளிர்காலத்து இரவுகளில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் உண்டு. பலகை வீடுகளின் இடுக்குகளில் காற்று புகாதிருக்கப் பழைய செய்தித்தாள்களைச் சுவரில் ஒட்டுவர். போர்வை வாங்கப் பணமில்லை. ஆகவே அம்மாதர் தைத்தனர். தைப்பதற்கு எடுத்தது எத்தகைய துணி என்பதைக் கவனிக்க வேண்டும். பருத்திக் காட்டில் உடுத்தித் தேய்ந்த கால்சட்டையில் தேயாது நின்ற பகுதி, சட்டையின் பின்புறம், பாவாடையின் ஓரம், மாவும் சர்க்கரையும் உரமும் வந்த பருத்திச் சாக்கு ஆகியவையே. முழங்கால் பட்ட இடம் வெளுத்திருக்கும். பை தைத்திருந்த இடத்தில் பையைப் பிரித்தெடுத்தால், வெயில் படாத அந்தச் சதுரம் மட்டும் கருநீலமாகவே நிற்கும். அதையும் மறைக்காமல் அப்படியே சேர்த்துத் தைத்தனர். இப்போர்வைகளைக் காணும் கலைவாணர்கள் அந்த நீலச் சதுரத்தை வியந்து பேசுகின்றனர். தைத்தவருக்கு அது துணியை வீணாக்காத சிக்கனமேயன்றி வேறில்லை.

இனி, தைக்கும் முறையைக் கூறுவோம். இதில் நெசவாளர் அறிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் முழுத் துணி. மேலடுக்கை எந்த அளவுத் துண்டுகளால் இணைப்பது என்பதே முதற்கேள்வி. 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வையை எடுத்துக்கொள்வோம். தைத்தபின் 4 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் எனில் 300 வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலில் மடிவதால் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். மொத்தம் 6,075 சதுர அங்குலத் துணி செல்லும். போர்வையின் பரப்பு 4,800தான். எஞ்சிய 1,275, அதாவது நூற்றுக்கு 21, தையலுக்குள் மறைந்துவிடும். சின்னத் துண்டையும் விடக்கூடாது என்று 2 அங்குலச் சதுரங்களாகத் தைப்பவர் 1,200 துண்டுகள் வெட்ட வேண்டும். செல்லும் துணி 7,500 சதுர அங்குலம். தையலுக்குள் மறைவது நூற்றுக்கு 36. தையலின் நீளமோ 63 கெஜத்திலிருந்து 129 கெஜமாகிறது. சிக்கனம் என்று நினைத்துச் செய்தது இருமடங்கு உழைப்பையும் கூடுதல் துணியையும் விழுங்கிவிடும்!

ஜீஸ் பெண்ட் மாதர் இக்கணக்கை ஏட்டில் போட்டுப் பார்த்தவரல்லர். ஆனால் அவர்கள் கை அதனை அறிந்திருந்தது. அவர்களுடைய போர்வைகளில் மிகுதியும் காணப்படுவது நீண்ட பட்டைகளே. நாலரை அங்குல அகலப் பட்டைகள் 15 இருந்தால் மேற்சொன்ன போர்வை ஆகிவிடும். பட்டைகளை இணைக்கும் தையல் 31 கெஜம் அளவே, தையலில் மறையும் துணியும் நூற்றுக்கு 12-க்கு உட்பட்டதே. குட்டைத் துண்டுகளை முனையோடு முனை சேர்த்து முதலில் பட்டையாக்கிக்கொள்வர். இன்னொரு முறையில், நடுவே ஒரு சதுரத்தை வைத்து, அதனைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போவர். மேலிருந்து கூரையைப் பார்த்தாற்போல் தோன்றுவதால் அதற்குக் 'கூரைமுகடு' என்று பொருள்படும் பெயர் இட்டனர். எவ்வளவு சிறிய துணியானாலும் நடுவில் இடம் பெறும். எவ்வளவு நீண்டதானாலும் ஓரத்தில் இடம் பெறும். மிச்சத் துணியை வைத்துக்கொண்டு திட்டம் வகுப்போர்க்கு இதனினும் பொருத்தமான அமைப்பு நாம் கண்டதில்லை.

நம் நெசவாளர்க்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு. நேர் நெசவுத் துணியை ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். கத்தரியும் அளவுகோலும் கொண்டு அறுப்பதைவிட விரைவும் ஆகும், கோணலும் நேராது. ஆனால் கனத்த துணியையும் மெல்லிய துணியையும் அடுத்தடுத்துச் சேர்க்கலாகாது. கனத்தது இழுக்கும், மெல்லியது தையல் ஓரத்தில் கிழியும். சாயம் இறங்கும் துண்டு ஒன்றே ஒன்று கலந்துவிட்டாலும் முதற் சலவையில் போர்வை முழுதும் கெடும். எனவே எல்லாவற்றையும் முன்னரே நனைத்து உலர்த்திவிட வேண்டும். இதனை எத்துணை முறை கூறினாலும் மிகையன்று.

நடுவிலிடும் பஞ்சுக்கு, வயலில் உதிர்ந்து கிடந்ததையும் அரைவை ஆலையின் தரையில் கூட்டியதையும் சேர்த்து, குச்சியால் அடித்துப் பஞ்சாக்கிப் பரப்பினர். இத்தகைய பஞ்சு ஓரிடத்தில் திரண்டு கட்டிபடும். அதனைத் தடுக்கவே மூன்று அடுக்கையும் ஊடுருவி நெருங்க நெருங்கத் தையலோட்டம் இடுவது. துண்டுகளை இணைக்கும் வேலையை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனித்தே செய்வாள். எத்துணியருகே எத்துணி என்பது அவள் விருப்பம், அதில் பிறர் தலையிடார். தையலோட்டம் இடும்போதோ மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, அண்டை வீட்டு மாதர் பலர் சுற்றி அமர்ந்து, பக்திப் பாடல்களைப் பாடிக்கொண்டே தைப்பர். தேனீயைக் குறிக்கும் 'பீ' என்ற அதே சொல்லால் இவ்வாறு கூடி வேலை செய்வதையும் அந்நாட்டார் வழங்குவர்.

1942-ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்னும் மாது தம் கணவரை இழந்தார். அவர் வயலில் உடுத்திய உடைகளை எடுத்துப் பிரித்து, ஒரு போர்வையாகத் தைத்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும் அதன் அடியில் உறங்கவும் வேண்டுமென்று தாயார் அவ்வாறு செய்ததை, உடனிருந்த மகள் ஆர்லான்சியா பல்லாண்டு கழித்து நினைவுகூர்ந்தார். வெளுத்த நீலமும் சாம்பலும் கலந்த அப்போர்வை இன்று அவ்வூர்ப் போர்வைகளுள் மிகவும் பெயர் பெற்றவற்றில் ஒன்று.

இதற்கிடையில், 1932-ன் துன்பத்துக்குப் பின், மத்திய அரசாங்கம் அப்பண்ணை நிலங்களை விலைக்கு வாங்கியது. 1930-களின் பிற்பாதியில் வீடுகள் கட்டப்பட்டன. கூட்டுறவு அடிப்படையில் பண்டகசாலையும் பருத்தி அரைவை ஆலையும் ஏற்பட்டன. 1940-களில் குறைந்த வட்டிக் கடனில் குடும்பங்கள் தத்தம் நிலத்துக்குச் சொந்தக்காரராயின. இந்த ஒரு செய்தியின் பயன் இருபது ஆண்டு கழித்தே தெரிந்தது. 1960-களில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் புறப்பட்டபோது, அக்கம்பக்கத்து ஊர்களில் வாரக் குடிகளைப் பண்ணையார்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினர். ஜீஸ் பெண்ட்டில் சொந்த நிலம் உடையவரை அவ்வாறு வெளியேற்ற எவராலும் இயலவில்லை. வேறு வழியில் தண்டித்தனர். ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகராகிய கேம்டனுக்குச் செல்லும் படகுப் போக்குவரத்து 1962-ல் நிறுத்தப்பட்டது. படகு மீண்டும் ஓடியது 2006-லேதான்!

1965 டிசம்பரில், வாக்குரிமை கேட்டோர்க்கு நேர்ந்த இன்னல்களைக் குறித்துக்கொள்ள அப்பகுதியில் சுற்றிவந்த பிரான்சிஸ் வால்டர் என்னும் வெள்ளையர் பாதிரியார், ஒரு வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த போர்வைகளைக் கண்டு நின்றார். முன்பின் அறியாத வெள்ளையர் வருவதைக் கண்டு வீட்டுக்காரி காட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். அக்காலத்து அச்சம் அத்தகையது. பின்னர் அவர் நன்கொடையாகப் பெற்ற 700 டாலரைக் கொண்டு, போர்வை ஒன்றுக்கு 10 டாலர் வீதம் வாங்கி, நியூயார்க் நகரில் ஏலத்துக்கு ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சு மாதத்தில் 60-க்கும் மேற்பட்ட மாதர் ஒரு மாதாகோயிலில் கூடி 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் நெடுங்காலம் அதனை நடத்திச் சென்றார். மறு ஆண்டில் தென்மாநிலக் கூட்டுறவுகளின் சம்மேளனம் தோன்றியபோது இச்சங்கமும் அதன் தொடக்க உறுப்புகளுள் ஒன்றாயிற்று. 23 ஏக்கர் நிலம் வாங்கி, 1969-ல் தையற்கூடம் கட்டினர். நிலத்தில் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்து, வாக்குரிமையின் பொருட்டு வீடிழந்த எட்டுக் குடும்பங்களுக்கு விற்றனர். கந்தலில் முளைத்த சங்கம் வீடிழந்தோர்க்கு மனை கொடுத்தது என்பதை எண்ணும்போது, ஈவுத்தொகைக் கணக்கு மட்டுமே பேசப்படும் மகாசபைக் கூட்டங்கள் நம் நினைவுக்கு வருவதை மறைக்க முடியவில்லை.

ஆனால் இவ்வரலாற்றில் கூட்டுறவாளர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதற்குமேல்தான் வருகிறது.

நியூயார்க்கின் பெரிய அங்காடிகள் இப்போர்வைகளைக் கேட்கத் தொடங்கின. கேட்டவை ஒரே அளவு, ஒரே நிறக்கூட்டு, பட்டியலில் உள்ள படத்துக்கு அச்சாக ஒத்த 'கரடிப்பாதம்' போன்ற பழைய கோலங்கள். தையலும் சீராக இருத்தல் வேண்டும். அங்காடியைக் குறை கூறுவதற்கில்லை. நூறு பேர்க்கு விற்பவன் நூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்றே கேட்பான். ஆயினும் மிச்சத் துணியால் ஒன்றுபோல் நூறு செய்ய இயலுமா? புதுத் துணி வாங்கி, அளந்து வெட்டி, கோலத்தைப் பார்த்துத் தைக்க வேண்டியதாயிற்று. தம் விருப்பப்படி துணி சேர்த்தே பழகிய மாதர் சிலர்க்கு அது ஒவ்வவில்லை. அவர்கள் விலகி நின்றனர். தங்கியவர்க்கு ஒழுங்கான கூலி கிடைத்தது. இரு சாராரில் எவர் செய்தது சரி என்று கூற நாம் துணியோம். குழந்தைக்கு மருந்து வாங்க வேண்டியவளுக்கு ஒழுங்கான கூலியினும் பெரிதாக ஒரு கோலம் இருக்க முடியாது என்று மட்டும் சொல்வோம்.

1972-ல் சியர்ஸ் என்னும் பெருநிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும் ஒப்பந்தத்தை இச்சங்கத்துக்கு அளித்தது. போர்வையே அன்று, உறைதான். பொன்மஞ்சள், இலைப் பச்சை, ஆரஞ்சு, செம்மை ஆகிய நிறங்களில் துணி வந்து குவிந்தது. உறை வெட்டியபின் மிச்சம் விழுந்தது. அம்மிச்சத்தை மாதர் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். சங்கத்தில் பகலெல்லாம் ஒரே அளவில் உறை தைத்த கைகள், வீட்டில் தம் மனம் போனபடி போர்வை தைத்தன. கார்டுராய் கனமானது, நுண்ணிய துண்டுகளாக்கித் தைக்க இடங்கொடாது. ஆதலால் அகன்ற பட்டைகளாகவே அமைந்தன. சங்கத்திலிருந்து விலகி நின்றவர் வீடுகளுக்கும் அம்மிச்சம் சென்றது. 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, கூட்டம் நின்று பார்த்தவற்றுள் இந்தக் கார்டுராய்ப் போர்வைகளும் உண்டு. 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

புகழ் வந்தபின் பங்கு பற்றிய வழக்கும் வந்தது. போர்வைகளாலும் அவற்றின் கோலங்களாலும் கிடைத்த வருவாய் தங்களுக்கு உரியவாறு சேரவில்லையென்று மாதர் மூவர் 2007-ல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் அது முடிவுக்கு வந்தது. இதற்குள் 2003-ல் அவ்வூர் மாதர் தமக்கெனப் புதிய கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தியிருந்தனர். பழைய 'ஃப்ரீடம் குவில்டிங் பீ'யோ, தோற்றுவித்தோர் ஒவ்வொருவராக மறைய, 2012-ல் மூடப்பட்டது. 46 ஆண்டு நடந்த சங்கம்.

இவ்வளவையும் மேற்சொன்ன காரியதரிசியிடம் கூறினோம். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இவ்வாண்டு மீண்டும் சென்றபோது மூலையில் ஒரு மூட்டைக்குப் பதில் மூன்று இருந்தன. கனத்த துணி ஒன்றில், மெல்லியது ஒன்றில், சாயம் நம்ப முடியாதது ஒன்றில். இருப்புப் புத்தகத்திலும் மூன்று தலைப்பு ஏறியிருந்தது. அங்கத்தினர் ஒருவரின் மனைவியார், லுங்கித் துண்டுகளைப் பட்டையாக்கி ஒரு போர்வையும் தைத்துக் கொடுத்திருந்தார். நீலமும் பச்சையும் கட்டம் கட்டமாக நின்று, நடுவே கறைபட்ட ஒரு துண்டு இருக்குமிடம் தெரியாமல் மறைந்திருந்தது. கை வேலை மெச்சத்தக்கதே.

அதனைத் தைக்க 12 நாள் ஆயினவாம். 12 நாள் கூலியை விலையில் ஏற்றினால் வாங்குவார் இல்லை என்கிறார் தலைவர். ஏற்றாவிட்டால் அவ்வம்மையாரின் உழைப்பை இனாமாக வாங்கியதாகும் என்கிறார் காரியதரிசி. இருவர் சொல்வதும் உண்மையாக இருப்பதால் இப்பொருள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் போர்வையைச் சதுரமின்றி நீண்ட பட்டையாகவே தைத்து நாட்களை எண்ணிக் குறித்து வைக்கும்படி நாம் கூறி வந்திருக்கிறோம். முதற் போர்வை விற்பனைக்கூடத்து மேசையின்மேல் விரித்துக் கிடக்கிறது. விலைச்சீட்டு இன்னும் கட்டப்படவில்லை.